எட்டாவது கணுவின் சீப்பு

அந்த ஸ்லைடை நிமிர்த்தி வைக்காதீர்கள், ஐயா. படுக்க வைத்துவிடுங்கள். உங்கள் ஆள் அதை ஒரு கவரில் போட்டு, பேனாக்களோடு பேனாவாக அந்தக் குவளையில் சொருகி வைத்திருக்கிறார். உள்ளே வந்ததிலிருந்து என் கண் அங்கேயேதான் போகிறது. கண்ணாடித் துண்டுதானே என்று உங்களுக்குத் தோன்றும். அதன் நடுவில் பிசினுக்குள் ஒரு பூச்சி இருக்கிறது. பிசின் ஓரத்தில் இறுகிவிடும். நடுவில் எத்தனை வருஷமானாலும் கொஞ்சம் இளக்கம் இருக்கும். இந்த அறைச் சூட்டில் நிமிர்ந்தே நின்றால் பூச்சி மெல்ல மெல்ல வழுக்கி விளிம்புக்குப் போய்விடும். போனால் போனதுதான்.

நன்றி. இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளி வையுங்கள். கை பட்டு விழுந்துவிடப் போகிறது.

தண்ணீர் வேண்டாம். ஜன்னலைத் திறந்தால் போதும். நடுவில் நான் எழுந்து நடந்தால் தப்பாக நினைக்காதீர்கள். இந்த ஒன்பது நாளாக எனக்கு எங்கேயும் இருப்புக் கொள்ளவில்லை. எழுதுகிறவர் பாதிப் பக்கத்தைக் காலியாக விட்டு எழுதட்டும். பின்னால் சில இடங்களைத் திருத்தச் சொல்வேன். எங்கள் தொழிலில் அது வழக்கம்தான். ஒருவர் ஒரு பூச்சியை முதல்முறை பார்த்து விவரித்து எழுதுவார். பிறகு நல்ல வெளிச்சத்தில் பார்த்துத் திருத்தி எழுதுவார். முதலில் எழுதியது பொய் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

ஒன்பது நாள் முன்பு நான் கொடுத்த விவரம் உங்களிடம் இருக்கிறது. சனிக்கிழமை, அரைநாள் வேலை. பிற்பகலில் எங்கள் பூச்சி ஆராய்ச்சிக் கட்டடத்தில் என்னையும் என்னோடு வேலை பார்த்த பெண்ணையும் வாசல் காவலாளியையும் தவிர யாரும் இல்லை. குளிர் அறைக்குள் போன பெண் வெளியே வர முடியாமல் இறந்துவிட்டாள். உள்பக்கக் கைப்பிடி பழுது. கதவில் ஒட்டியிருந்த எச்சரிக்கைத் தாள் எப்படியோ கழன்றுவிட்டது. ஐந்தரை மணிக்கு நான் ஓடிப்போய்க் கதவைத் திறந்தேன். நீங்கள் அதை நம்பி மெக்கானிக்கைப் பிடித்து உள்ளே வைத்தீர்கள். அவன் பாவம், ஐயா. கைப்பிடி உடைந்த மறுநாளே புதிய பாகத்துக்கு எழுதிப் போட்டுவிட்டான். வாயைத் திறந்தால் மூடாதவன், ஆனால் வேலையில் சுத்தம். அவனை விட்டுவிடுங்கள். அந்த விவரத்தில் "எப்படியோ" என்று ஒரு வார்த்தை இருக்கிறது. அதைத்தான் இன்றைக்குத் திருத்த வந்திருக்கிறேன்.

அதற்கு முன்னால் பூச்சியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவசரப்படாதீர்கள். அது தெரியாமல் மற்றது புரியாது.

நான் பூப்பேன் பார்க்கிறவன். பயிர்க்காரர்கள் பொதுவாக இலைப்பேன் என்பார்கள். இந்த வகை பூவுக்குள்ளேயே குடியிருப்பதால் பூப்பேன். தலையில் ஊர்கிற பேனுக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. இதை ஒவ்வொருவருக்கும் சொல்லிச் சொல்லியே என் பாதி ஆயுள் போய்விட்டது. பூவை ஒரு வெள்ளைத் தட்டின்மேல் தட்டினால் பேனாவால் இழுத்த மாதிரிச் சின்னச் சின்னக் கோடுகள் விழுந்து ஓடும். நீளம் ஒரு மில்லிமீட்டர், மிஞ்சினால் ஒன்றேகால். சிறகு என்று ஒரு குச்சி, அதன் இரண்டு பக்கமும் முடி. தாடை ஒன்றுதான், இடது பக்கம். வலது தாடை முட்டைக்குள்ளேயே மறைந்துவிடும். அந்த ஒற்றைத் தாடையால் மகரந்தத்தைக் குத்தி, உள்ளே இருப்பதை உறிஞ்சிவிட்டு வெறும் கூட்டைக் கீழே விட்டுவிடும். தாய் இதழைக் கீறி அதற்குள் முட்டையைச் சொருகும். குஞ்சு தின்று கொழுத்து மண்ணில் விழும். அங்கே எதையும் தின்னாமல் இருட்டில் கிடந்து, சிறகு முளைத்ததும் மறுபடி பூவுக்கு வந்துவிடும். ஆணோடு சேராத தாய் இடுகிற முட்டையும் பொரிக்கும், ஆனால் பொரிப்பதெல்லாம் ஆணாகவே இருக்கும். எங்கள் ஸ்டோர்காரர் இதைக் கேட்ட நாளிலிருந்து, "அப்பன் இல்லாம பொறந்ததெல்லாம் ஆம்பளையா? அதான் இந்த ஆட்டமா?" என்று என்னைப் பார்க்கும்போதெல்லாம் கேட்பார். எனக்கு அப்பா இல்லை. அதனால் அவருக்கு அது இரட்டிப்பு வேடிக்கை.

அப்பா மட்டுமில்லை, அம்மாவும் இல்லை. என்னை வளர்த்தது அக்கா. பன்னிரண்டு வயது மூத்தவள். பசுமைக்குடிலில் பூ வெட்டுகிற வேலைக்குப் போய் என்னைப் படிக்க வைத்தாள். ஒருநாள் சாயங்காலம் வந்ததும் இரண்டு கையையும் சொறிந்துகொண்டே, "என்னமோ கண்ணுக்குத் தெரியாதது கடிக்குதுடா, பெரிய படிப்பு படிக்கிறியே, இத என்னன்னு பாரேன்" என்றாள். சாப்பாட்டு டப்பாவில் ஏழு பூ போட்டு எடுத்து வந்திருந்தாள். பார்த்தேன். எல்லாம் வெளிர் மஞ்சள் நிறத்தில் சின்னச் சின்னப் பெண் பூச்சிகள்.

இந்த இனத்தை அடையாளம் காண வாலுக்குப் பக்கத்தில் பார்க்க வேண்டும். வயிற்றின் எட்டாவது கணுவில், பின்விளிம்பில், சீப்புப் பல் மாதிரி ஒரு வரிசை முடி. அதன் உறவுக்காரப் பூச்சிகளுக்கெல்லாம் சீப்பு முழுசாக இருக்கும். அக்கா கொண்டுவந்ததற்கு நடுவில் நான்கு பல் இல்லை. ஒன்றில் அல்ல, எல்லாவற்றிலும் இல்லை. அதுவரை யாரும் பார்க்காத பூச்சி. காஸ்டிக் சோடாவில் ஊறப்போட்டு, உள்ளே இருந்ததெல்லாம் கரைந்து ஓடு மட்டும் மிஞ்சிய பிறகு, சாராயத்தில் கழுவி, கிராம்பு எண்ணெயில் தெளியவைத்து, ஊசி முனையால் காலையும் சிறகையும் ஒவ்வொன்றாக விரித்து, பிசினில் படுக்க வைத்தேன். பதினோராவது முயற்சியில்தான் சரியாக வந்தது. அதுதான் உங்கள் மேசையில் இருப்பது. லேபிளில் சிவப்பு வட்டம் தெரிகிறதா? அதற்கு மூல மாதிரி என்று பேர். அந்தப் பூச்சி உலகத்தில் கோடிக்கணக்கில் இருக்கலாம். பெயர் தொங்குவது இந்த ஒன்றில்தான். நான் அக்காவின் பெயரை வைத்தேன். வைத்தவன் பெயரும் ஆண்டும் அதன் பின்னாலேயே வரும், அது எங்கள் வழக்கம். முப்பத்தொரு வருஷம் ஆகிறது.

இன்னொரு விதியும் உண்டு. ஒரே பூச்சிக்கு இரண்டு பேர் தெரியாமல் இரண்டு பெயர் வைத்துவிட்டால், முதலில் அச்சில் வந்த பெயர் நிற்கும். பின்னால் வந்தது செத்த பெயர். பட்டியலில் அதற்குக் கீழே சின்ன எழுத்தில் போட்டுவிடுவார்கள். யாரும் படிக்க மாட்டார்கள்.

இப்போது அந்தப் பெண்ணைப் பற்றி. மூன்று வருஷம் முன்பு எங்கள் பிரிவில் சேர்ந்தாள். ஓரிடத்தில் நிற்க மாட்டாள், மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாவுவாள். ஸ்டோர்காரர்தான் துறுதுறு என்று பேர் வைத்தார். அதுவே நிலைத்துவிட்டது, அவள் அம்மாகூடப் போனில் "எங்க துறுதுறு இருக்காளா?" என்றுதான் கேட்பாள். எங்கள் வீட்டுக்கும் வருவாள். அக்காவுக்கு இப்போது முட்டி வலி, வெளியே போவதில்லை. இவள் வந்தால் அவளுக்குத் திருவிழாதான். "பெரியம்மா, உங்க பூச்சிக்கு இன்னிக்கு ரெண்டு பிள்ளை பொறந்திருக்கு" என்று வாசலிலிருந்தே கத்துவாள். "பேரு வெச்சியாடீ?" என்பாள் அக்கா. இரண்டு பேரும் சிரிப்பார்கள். நான் உள்ளே ஏதாவது வேலையாக இருப்பேன். அவள்மேல் எனக்கு எந்தக் கோபமும் இருந்ததில்லை. இதை முக்கியமாக எழுதிக்கொள்ளுங்கள்.

அவள் பூப்பேனைக் கண்ணாடிப் புட்டியில் வளர்த்தாள். நாங்களெல்லாம் செத்ததைத்தான் பார்ப்போம். வளர்க்கப் பொறுமை இருக்காது. இரண்டு மாதம் முன்பு ஒருநாள் காலையில் என் மேசையில் இரண்டு ஸ்லைடைக் கொண்டுவந்து வைத்தாள். ஒன்றில் கறுத்த பெரிய பூச்சி, சீப்பு முழுசு. மற்றதில் வெளிறிய சின்னப் பூச்சி, சீப்பில் நான்கு பல் இல்லை.

"சார், ரெண்டும் அக்கா தங்கச்சி சார்."

"அப்படியா."

"ஒரே தாய் போட்ட முட்டை. பாதிய குளிர்ல வெச்சேன், பாதிய சூட்டுல நெருக்கடியா வெச்சேன். சூட்டுல வளந்ததுக்குப் பல்லு விழுந்துடுது சார். சத்தியமா விளையாடல, நீங்களே எண்ணிப் பாருங்க."

எண்ணிப் பார்த்தேன். அவள் சொன்னது சரி. அக்கா வேலை பார்த்த பசுமைக்குடில் வெக்கையாக இருக்கும்; அவ்வளவுதான் விஷயம். அந்தக் கறுத்த பெரிய பூச்சிக்கு ஏற்கெனவே ஒரு பெயர் உண்டு. கடல் தாண்டி ஒரு பெரியவர், நான் எழுதிய அதே வருஷம் எழுதியது. அவர் கட்டுரை வந்த ஆராய்ச்சி இதழின் அட்டையில் மார்ச் என்றிருக்கும், என்னுடையதில் ஜூன். மூன்று மாத வித்தியாசத்தில் என் பெயர்தான் கீழே போக வேண்டும். அக்காவின் பெயர், மன்னிக்க வேண்டும், அக்காவின் பெயர் கீழே போக வேண்டும்.

"வருத்தமா சார்?" என்றாள்.

"இதிலென்ன வருத்தம்? உண்மைதானே. எழுது" என்றேன். அந்த அறையில் இருந்த எல்லோரும் கேட்டார்கள்.

அன்று வீட்டுக்குப் போய் அக்காவிடம் சொன்னேன். எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டே போனேன். அவள் மடியில் முறத்தை வைத்துக்கொண்டு பருப்பில் கல் பார்த்துக்கொண்டிருந்தாள். சொன்னதும் சிரித்துவிட்டாள்.

"போனா போகட்டும்டா. பேனுக்கு என் பேர வெச்சேன்னு நீ வந்து சொன்னப்போ, என்கூட வேலை பாத்தவளுங்க மாசக்கணக்கா என்னைப் பேனு பேனுன்னு கூப்பிட்டாளுங்க. பீடை விட்டுதுன்னு இரு. அந்தப் பொண்ணைக் கண்டுபிடிக்க வெச்சியே, அது போதாதா?"

அக்கா அப்படித்தான். மனசுக்குள் எவ்வளவு வலித்தாலும் வெளியே காட்ட மாட்டாள். அன்று இரவு நன்றாகச் சாப்பிட்டாள், சீக்கிரம் தூங்கிவிட்டாள். எனக்காகத்தான் அப்படி நடந்துகொண்டாள் என்று எனக்குத் தெரியும். அவளுக்காக யாராவது ஏதாவது செய்தாக வேண்டும் என்று அன்றைக்குத் தோன்றியது. என்னவென்று தோன்றவில்லை.

அதன்பிறகு எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. எழுந்து அலமாரியைத் திறந்து ஸ்லைடைப் பார்ப்பேன், மூடுவேன். நாற்காலியில் உட்கார்ந்தால் கால் தானாக ஆடும். மறுபடி எழுந்து போய்ப் பார்ப்பேன். இன்னும் மூன்று மாதத்தில் எனக்கு ஓய்வு. முப்பத்தொரு வருஷத்தில் நான் பெயர் வைத்த இனம் அந்த ஒன்றுதான். மற்றவர்கள் ஐம்பது, நூறு என்று வைத்திருக்கிறார்கள். நான் அவசரக்காரன் இல்லை.

அவள் பழைய இதழ்களைப் பார்க்க வேண்டுமென்று வெளியூர் நூலகங்களுக்குப் பதினோரு நாள் போனாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை. செத்த பெயருக்கு நாள் குறிக்கத்தான் போகிறாள் என்று நினைத்தேன். அவள் போன அன்றுதான் குளிர் அறையின் உள்கைப்பிடி உடைந்தது. நான்தான் உள்ளே இருந்தேன். வெளியிலிருந்து வருகிற காய்ந்த பூ, செடி எல்லாவற்றையும் ஒரு வாரம் அங்கே உறைய வைத்த பிறகுதான் மேலே எடுத்துப்போவோம், பூச்சி கீச்சி ஒட்டிக்கொண்டு வந்து எங்கள் சேகரிப்பை அரித்துவிடக் கூடாதே என்று. கைப்பிடி கையோடு வந்துவிட்டது. நல்லவேளை, மெக்கானிக் வெளியே விசிலடித்துக்கொண்டு நின்றான். நான்கு நிமிஷம்தான் இருந்திருப்பேன். மூக்குக்குள் இருக்கிற முடிகூட விறைத்துப்போனது. அன்றைக்கே ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதிக் கதவில் ஒட்டினேன்: உள்ளிருந்து திறக்காது, கட்டை வைத்துவிட்டு உள்ளே போகவும். கதவிடுக்கில் வைக்க ஒரு மரக்கட்டையும் செதுக்கிப் போட்டேன். அலுவலகத்தில் எல்லோருக்கும் அது தெரியும், ஊரில் இல்லாத ஒருத்தியைத் தவிர.

இங்கேதான் திருத்த வேண்டும். எழுதிக்கொள்ளுங்கள்.

அந்தத் தாள் கழன்று விழவில்லை. சனிக்கிழமை ஒன்று இருபதுக்கு நான் எடுத்தேன். இதோ, கொண்டு வந்திருக்கிறேன். கிழித்துப்போட்டிருக்கலாமே என்பீர்கள். எங்கள் ஆட்கள் லேபிளைக் கிழிக்க மாட்டார்கள், ஐயா. திருப்பிப் பாருங்கள். பின்னால் தேதி, நேரம், இடம், எடுத்தவர் பெயர் எல்லாம் இருக்கிறது. எதை எங்கிருந்து எடுத்தாலும் உடனே எழுதிவைப்பது முப்பத்தொரு வருஷப் பழக்கம். கை தானாக எழுதிவிட்டது.

கட்டையையும் நான்தான் எடுத்தேன். குளிர் அறைக்கு எதிரே இருக்கிற என் மைக்ரோஸ்கோப் மேசை கொஞ்சம் ஆடிக்கொண்டிருந்தது. அதன் காலுக்கு அடியில் வைத்தேன். மேசை ஆடினால் பல் எண்ண முடியாது.

அவள் தானாக உள்ளே போனாள் என்று சொல்லியிருந்தேன். நான்தான் போகச் சொன்னேன். மதியம் வந்திறங்கியதும் பையைக்கூடக் கீழே வைக்காமல் மாடியில் என் மேசைக்கு ஓடி வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"சார், உங்ககிட்ட ஒண்ணு காட்டணும். ஆனா இப்ப மாட்டேன். ஒரே ஒரு போட்டோ பாக்கி இருக்கு, அதையும் எடுத்துட்டு மொத்தமா காட்டுறேன். சாயங்காலம் வரைக்கும் பொறுத்துக்கணும்."

"சரி, பொறுத்துக்கிறேன்" என்றேன்.

என்னைப் பார்த்துப் பாவப்பட்டுச் சிரிக்கிறாள் என்று நினைத்தேன். அரை மணி நேரம் அலமாரிப் பக்கமும் கேமராப் பக்கமுமாக ஓடிக்கொண்டிருந்தாள். அந்த நேரத்தில்தான் நான் கீழே போய்த் தாளை எடுத்தேன். திரும்பி வந்து, "அந்த மூன்றாம் நம்பர் பெட்டிய குளிர் அறையிலேருந்து எடுத்துட்டு வந்துடும்மா, திங்கக்கிழமை வேணும்" என்றேன். "அஞ்சே நிமிஷம் சார்" என்றாள். மேலே அந்த மெல்லிய வெள்ளைக் கோட்டுதான் போட்டிருந்தாள். மூன்றாம் நம்பர் பெட்டி அடியில் இருக்கும், எடுக்க நேரம் பிடிக்கும். நானும் அவள் பின்னாலேயே இறங்கிப் போனேன். கதவு தானாகச் சாத்திக்கொள்கிற கதவு. நான் அதைத் தொடவில்லை.

நான் மாடியில் இருந்ததாகவும் எதுவும் கேட்கவில்லை என்றும் சொல்லியிருந்தேன். அதுவும் திருத்தம். கீழ் அறையில், கதவிலிருந்து ஒன்பது அடி தள்ளி, கட்டை வைத்த மேசையில்தான் உட்கார்ந்திருந்தேன். முதலில் மெதுவாகத் தட்டினாள். "சார், கதவு மாட்டிக்கிச்சு சார்" என்று சிரிப்போடு சொன்னாள். பிறகு வேகமாகத் தட்டினாள். இருபது நிமிஷம் போல அது நடந்தது. குளிர் இயந்திரத்தின் இரைச்சலில் எல்லாம் தெளிவாகக் கேட்கவில்லை, ஆனால் கேட்டது. பெட்டியைத் தூக்க இரண்டு கையும் வேண்டும் என்று அவள் போனை அந்த மேசையில் வைத்துவிட்டுப் போயிருந்தாள். மூன்று முறை அடித்தது. அம்மா என்று வந்தது. நான் அதைக் கவிழ்த்து வைத்தேன், கவனம் சிதறியது.

அன்றைக்கு அறுபத்திரண்டு பூச்சிகளின் சீப்பை எண்ணினேன். நோட்டு என் மேசையில்தான் இருக்கிறது; வேண்டுமானால் யாரையாவது விட்டுச் சரிபார்க்கச் சொல்லுங்கள், ஓர் எண்கூடப் பிசகியிருக்காது. கை நடுங்கவில்லை. கால் மட்டும் ஆடிக்கொண்டே இருந்தது. எழுந்து நடப்பேன், உட்காருவேன், மறுபடி எண்ணுவேன். தட்டுகிற சத்தம் நின்ற பிறகும் அந்தத் தவிப்பு நிற்கவில்லை. நின்றால் அடங்கிவிடும் என்று நினைத்திருந்தேன்.

ஐந்து இருபத்தைந்துக்கு மேலே போனேன், மூல மாதிரியோடு ஒருமுறை ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்று. அலமாரியைத் திறந்து தட்டை இழுத்தால் அந்த இடம் காலி. மற்றத் தட்டுகளையும் இழுத்தேன். கேமராவுக்கு அடியில் பார்த்தேன். அவள் மேசை, பை, இழுப்பறை எல்லாவற்றையும் புரட்டிப் பார்த்தேன். எங்கேயும் இல்லை. பிறகுதான் புரிந்தது. போட்டோ எடுக்கப் போகிற ஸ்லைடை ஒரு சின்னத் தட்டைப் பெட்டியில் போட்டுக் கோட்டுப் பையில் வைத்துக்கொள்வது அவள் பழக்கம். எத்தனையோ தடவை திட்டியிருக்கிறேன்.

நான் ஓடிய ஓட்டத்தைக் காவலாளி பார்த்தான். "சார் இந்த வயசுல அப்படி ஓடி நான் பாத்ததே இல்ல" என்று உங்களிடம் சொன்னானாம். உண்மைதான், ஓடினேன். கதவைத் திறந்தேன். அவள் கதவுக்குப் பக்கத்திலேயே பெட்டிமேல் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். நான் முதலில் தொட்டது அவள் நாடியை இல்லை. கோட்டுப் பையைத்தான் தொட்டேன். விறைத்துப்போயிருந்தது, விரல் உள்ளே போகவில்லை. அதற்குள் காவலாளி வந்துவிட்டான்.

ஒன்று சொல்கிறேன், ஐயா. அந்த ஸ்லைடு அவள் பையில் இருக்கிறது என்று எனக்குத் தெரிந்திருந்தால், முதல் தட்டிலேயே கதவைத் திறந்திருப்பேன். அவளை உள்ளே அனுப்பியே இருக்க மாட்டேன். அவ்வளவு கல் மனசுக்காரன் இல்லை நான்.

இப்போது எதற்கு வந்து இதையெல்லாம் சொல்கிறீர்கள் என்று கேட்டீர்கள். விபத்து என்று முடிந்துபோயிருக்கும். உங்களுக்கு என்மேல் சந்தேகமே இல்லை. போன வாரம் உங்கள் அலுவலகத்தில் விசாரித்தேன். மெக்கானிக் வழக்காடப் போகிறான், ஐந்தாறு வருஷம்கூட இழுக்கும், அதுவரை அவள் உடம்பில் இருந்த பொருளெல்லாம் இங்கேதான் இருக்கும் என்றார்கள். எங்கே வைப்பீர்கள் என்று கேட்டேன். ஒரு தகரக் கொட்டகையைக் காட்டினார்கள். அலமாரியில் எல்லாக் கவரும் நிமிர்த்தி அடுக்கியிருந்தன. மேலே தகரம், பங்குனி வெயில். அன்றிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. உறைந்து உருகிய பிசின், அதற்குமேல் இந்தச் சூடு. நான் ஒப்புக்கொண்டால் வழக்கு சீக்கிரம் முடியும். அது தன் இடத்துக்குப் போய்ப் படுத்துக்கொள்ளும். மெக்கானிக்கும் வீட்டுக்குப் போவான், அதுவும் நல்லதுதான்.

அக்காவுக்கு நடந்தது தெரியாது. அந்தப் பெண் போனதிலிருந்து அவளும் சரியாகச் சாப்பிடுவதில்லை. "என் பேரு போகுதுன்னு சிரிச்சுக்கிட்டே சொன்னேன், அந்த வாயால அவளே போயிட்டாளே" என்று அழுகிறாள். என்றைக்காவது புரிந்துகொள்வாள். அவளுக்காகத்தானே செய்தேன்.

இது என்ன? அவள் ஊரிலிருந்து கொண்டுவந்த பையிலிருந்ததா? ஸ்லைடைத் தேடிய அவசரத்தில் நான் காகிதங்களைக் கவனிக்கவில்லை. கொடுங்கள், படிக்கிறேன். கொஞ்சம் இருங்கள், கண்ணாடியை மாற்றிக்கொள்கிறேன்.

இது அவள் எழுதிய கட்டுரை. தலைப்பில் அக்காவின் பெயர் இருக்கிறது. கீழே இல்லை, மேலே இருக்கிறது.

நீங்கள் படித்தீர்களா? உங்களுக்குப் புரிந்திருக்காது, நான் சொல்கிறேன். அந்தப் பெரியவரின் மார்ச் இதழை அவள் மூன்று நூலகத்தில் தேடிப் பிடித்திருக்கிறாள். மூன்றிலும் வந்து சேர்ந்த தேதி முத்திரை செப்டம்பர். அச்சகத்தில் வேலைநிறுத்தம், மார்ச் என்று போட்ட இதழை ஆகஸ்டில்தான் அச்சடித்திருக்கிறார்கள். அச்சகத்தின் கடித நகலும் இருக்கிறது. அட்டையில் என்ன போட்டிருந்தாலும் உண்மையில் அச்சாகி வெளிவந்த நாள்தான் கணக்கு. அப்படியானால் என்னுடைய ஜூன்தான் முந்தியது. அவருடைய பெயர் கீழே போகிறது. அட்டையைத் திருப்பி முத்திரையைப் பார்க்க வேண்டும் என்று முப்பத்தொரு வருஷத்தில் எனக்குத் தோன்றவே இல்லை.

கடைசிப் பக்கத்தில் ஒரு வரி. ஓய்வு பெறும் எங்கள் சாருக்கும், பெரியம்மாவுக்கும், என்று எழுதியிருக்கிறாள். முதல் படத்துக்கான இடம் காலியாக இருக்கிறது. மூல மாதிரி, போட்டோ எடுக்க வேண்டும் என்று பென்சிலில் எழுதியிருக்கிறாள்.

ஜன்னல் திறந்துதான் இருக்கிறதா?

இல்லை, ஒன்றும் இல்லை. நன்றாக இருக்கிறேன். பாருங்கள், கால் ஆடுவது நின்றுவிட்டது. கெட்டிக்காரப் பெண், ஐயா. நல்ல வேலை செய்திருக்கிறாள். ஆச்சரியப்படுத்த வேண்டும் என்று ஒளித்துவைக்காமல் நூலகத்திலிருந்தே ஒரு போன் போட்டிருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது. அது அவள் பக்கத்துத் தவறு. சொல்லக் கூடாது, இருந்தாலும் சொல்கிறேன். இந்தக் கட்டுரை அச்சுக்குப் போக வேண்டும். படம் எடுக்க யாராவது வேண்டும். ஸ்லைடைத் துடைக்காமல் எடுக்கச் சொல்லுங்கள்.

அக்கா வெளியே வந்து உட்கார்ந்திருக்கிறாளா? முட்டியை வைத்துக்கொண்டு இவ்வளவு தூரம் எப்படி வந்தாள்? காத்திருக்கட்டும். இதை முடித்துவிட்டுப் பார்க்கிறேன்.

ஆமாம், படித்துக் காட்டுங்கள். எச்சரிக்கைத் தாளை எடுத்தது நான். கட்டையை எடுத்தது நான். அவளை உள்ளே அனுப்பியது நான். சத்தம் கேட்டும் திறக்காதது நான். அவளைக் கொன்றது நான். சரி. அக்காவின் பெயரைக் காக்க, என்று எழுதியிருக்கிறீர்கள். அதுவும் சரி.

அந்தப் பேனாவைக் கொடுங்கள். ஒரு நிமிஷம், ஸ்லைடைப் பற்றிச் சொல்கிற இடத்தில் பூச்சியின் பெயரை அரைகுறையாக எழுதியிருக்கிறீர்கள். இடம் போதவில்லை என்றால் அக்காவின் பெயரை எடுத்துவிடுங்கள், பரவாயில்லை. அதற்குப் பின்னால் என் பெயரும் ஆண்டும் முழுசாக வர வேண்டும்.